எது அபாயகரமான கழிவு? கன்னியாகுமரி மாவட்டத்துச் சிறுதொழில் நடத்துவோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் சிறு தொழிற்கூடங்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக்கொடுப்பது என் தொழில். படகு கட்டுபவர், ஒர்க் ஷாப் நடத்துபவர், முலாம் பூசுபவர், ரப்பர் ஷீட் அடிப்பவர் எனப் பலரும் வருகிறார்கள். ‘எங்களிடம் கெமிக்கல் கம்பெனி போல ஒன்றும் இல்லையே, இந்த அபாயகரமான கழிவுச் சட்டம் எங்களுக்கு எதற்கு?’ என்பதுதான் அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது. அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது மாநில அரசின் விதியா, மத்திய அரசின் விதியா?

விதியை வகுத்தது மத்திய அரசு. நடைமுறைப்படுத்துவது மாநில வாரியம். போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின் வந்த 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ், அபாயகரமான கழிவுகளுக்கான முதல் விதிகள் 1989இல் வந்தன. அவை 2008இல் மாற்றி எழுதப்பட்டன. இப்போது நடைமுறையில் உள்ள ‘அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் (மேலாண்மை மற்றும் எல்லை கடந்த இடமாற்றம்) விதிகள்’ 2016 ஏப்ரல் 4 அன்று அறிவிக்கப்பட்டன. கழிவைக் கையாள அங்கீகாரம் தருவது, ஆய்வுக்கு வருவது, மாநிலத்தில் எவ்வளவு கழிவு உண்டாகிறது என்று ஆண்டுதோறும் கணக்கெடுப்பது ஆகியவை தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பணிகள். நம் மாவட்டத்தார் அணுக வேண்டியது நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம்.

ஒரு கழிவு ‘அபாயகரமானது’ என்று எப்படி முடிவாகிறது?

மூன்று வழிகளில் ஒன்றில் அகப்பட்டாலும் போதும். முதலாவது, அந்தக் கழிவு எந்தத் தொழிற்செயல்முறையில் உண்டானது என்பது. அதற்கு முதல் அட்டவணை. இரண்டாவது, அதில் நச்சுப்பொருள் எந்த அளவில் உள்ளது, அது எப்படி நடந்துகொள்கிறது என்பது. அதற்கு இரண்டாம் அட்டவணை. மூன்றாவது, ஏற்றுமதி இறக்குமதிக்குரிய மூன்றாம் அட்டவணை.

பலர் நேராக ஆய்வகத்துக்கு மாதிரியை எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைச் செலவழித்துவிட்டு வருகிறார்கள். அது தலைகீழான வேலை. முதல் அட்டவணையில் உங்கள் தொழில் இருந்தால், அதன் எதிரே எழுதப்பட்டிருக்கும் கழிவு அபாயகரமானது என்றே தொடக்கத்தில் கொள்ளப்படும். கையில் ஆய்வறிக்கை இல்லை என்பதால் அது மாறாது.

வரையறையில் இன்னொரு சொற்றொடரும் உண்டு: ‘தனியாகவோ பிற கழிவுகளுடனோ பொருள்களுடனோ சேரும்போதோ’ தீங்கு விளைவிக்கக்கூடியது என்கிறது விதி. ஆகவே ஆயில் ஊறிய துணியைத் தென்னை ஓலைக் குப்பையோடு கலந்துவிட்டால் கணக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்; அப்போது குப்பை முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

முதல் அட்டவணையை எப்படிப் படிப்பது?

அதில் 38 தொழிற்செயல்முறைகள் வரிசை எண்ணோடு தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் எதிரிலும் அதிலிருந்து வரும் கழிவுகள் உட்பிரிவு எண்களோடு உள்ளன. பெட்ரோலியச் சுத்திகரிப்பு, பூச்சிக்கொல்லி, மருந்து தயாரிப்பு போன்ற பெரிய பெயர்களைப் பார்த்ததும் ‘இது நமக்கில்லை’ என்று மூடி வைத்துவிடுவது வழக்கம். நமக்குரியவை இடையிலும் கடைசியிலும் இருக்கின்றன. எந்திரங்களில் மசகு எண்ணெய் பயன்படுத்தும் தொழில்கள் 5ஆம் வரிசை. ஒர்க் ஷாப்பின் கழிவு ஆயில் 5.1. உலோகப் பரப்பில் முலாம் பூசுதல், அமிலத்தில் கழுவுதல் போன்றவை 12ஆம் வரிசை. வடசேரியின் கோவில் நகைத் தொழிலைச் சார்ந்து முலாம் பூசும் கூடங்களில் தீர்ந்துபோன குளியல் கரைசலும் அடியில் தங்கும் கசடும் இதில் வரும். கரைப்பான்கள் 20, பெயின்டும் மையும் 21, பசையும் ரெசினும் 23. அபாயகரமான வேதிப்பொருள் இருந்த காலிக் கலன்கள் 33.1, துடைத்த பஞ்சும் துணியும் 33.2. சுத்திகரிப்பு நிலையத்தில் படியும் வேதிச் சேறு 35.3.

கவனித்தால் ஒன்று தெரியும். அட்டவணை எங்குமே ‘பெரிய தொழிற்சாலை’ என்றோ ‘இத்தனை டன்னுக்கு மேல்’ என்றோ பேசவில்லை. செய்யும் செயலைத்தான் பார்க்கிறது. மாதம் நாற்பது லிட்டர் கழிவு ஆயில் வரும் கூடத்துக்கும் நாலாயிரம் லிட்டர் வரும் கூடத்துக்கும் வகைப்பாடு ஒன்றே. அளவு பேசப்படுவது சேமிப்புக் காலம் போன்ற பின்னாலுள்ள விதிகளில்தான்.

எங்களுடையது ஃபைபர் வள்ளம் கட்டும் கூடம். எங்கள் கழிவுகள் எவை?

கடற்கரை ஊர் ஒன்றில் அப்படியொரு கூடத்தில் அரை நாள் உட்கார்ந்து பட்டியல் எடுத்திருக்கிறேன். அச்சின் மேல் கண்ணாடிநார்ப் பாயை விரித்து, வாளியில் ரெசின் என்னும் பிசினோடு, அதை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டைக் கலந்து, பிரஷ்ஷால் தேய்த்து ஏற்றுகிறார்கள். வேலை முடிந்ததும் பிரஷ்ஷை அசிட்டோன் டப்பாவில் முக்கி அலசுகிறார்கள். மூன்று நாளில் அந்த அசிட்டோன் தேன்போலக் கெட்டியாகிவிடுகிறது. அதை மணலில் கவிழ்த்துவிட்டுப் புதிதாக ஊற்றுகிறார்கள்.

கவிழ்த்த அந்த டப்பாதான் முதல் கழிவு: தீர்ந்துபோன கரைப்பான், 20ஆம் வரிசை. வாளியின் அடியில் இறுகாமல் மிஞ்சிய ரெசின் 23ஆம் வரிசை. ரெசினும் அசிட்டோனும் ஊறிய துணி 33.2. காலியான ரெசின் பீப்பாயும் கேட்டலிஸ்ட் கேனும் 33.1. ஒரே கொட்டகையில், ஒரே நாளில், நான்கு பதிவுகள்.

கேட்டலிஸ்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரவலாகப் புழங்குவது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. ‘கரிமப் பெராக்சைடு’ என்னும் வகை இரண்டாம் அட்டவணையிலேயே தனிப் பண்பாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. ரெசினை விரைவாக இறுகச் செய்யும் கோபால்ட் கரைசலோடு இதை நேராகக் கலந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே இரண்டின் மீதியையும் ஒரே கழிவு டின்னில் ஊற்றக் கூடாது. இதற்கு விதி எண்ணைத் தேட வேண்டியதில்லை. இன்றே இரண்டு டின் வையுங்கள்.

இரண்டாம் அட்டவணை எதை அளக்கிறது?

முதல் அட்டவணையில் பெயர் இல்லாத கழிவு, அல்லது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கழிவு இங்கே வருகிறது. இதில் ஏ, பி, சி என மூன்று பிரிவுகள் உண்டு.

‘ஏ’ பிரிவின் அளவுகள், கழிவில் உள்ள நச்சின் மொத்த அளவைக் குறிப்பதில்லை. மழைநீர் இறங்கும் குப்பைமேட்டில் அந்தக் கழிவு கிடந்தால் எவ்வளவு நச்சு கரைந்து வெளியேறும் என்பதையே குறிக்கின்றன. அதற்கான சோதனையில், மாதிரியை 9.5 மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளாக்கி, அதன் எடையைப் போல இருபது மடங்கு மென்மையான அசிட்டிக் அமிலக் கரைசலில் இட்டு, நிமிடத்துக்கு முப்பது சுற்று வீதம் ஏறத்தாழ 18 மணி நேரம் உருட்டுகிறார்கள். பின்னர் வடிகட்டி, இறங்கிய நீரை அளக்கிறார்கள். அந்த நீரில் லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராம், ஆர்சனிக் 5, காட்மியம் 1, பாதரசம் 0.2 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ கழிவு அபாயகரமானது. சயனைடு, அம்மோனியா, ஆறு இணைதிறன் குரோமியம் ஆகிய மூன்றுக்கும் மட்டும் அமிலக் கரைசலுக்குப் பதிலாக வாலைவடிநீர் பயன்படுத்த வேண்டும். சயனைடு கழிவில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும் என்பதை முலாம் பூசுபவர்கள் அறிவார்கள், அறியாதவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

‘பி’ பிரிவு, கழிவில் உள்ள மொத்த அளவைப் பார்க்கிறது. அதில் உள்ள பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் வரம்பு கிலோவுக்கு 5,000 மில்லிகிராம். கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அது ஐந்து கிராம். ஒரு கிலோ மண்ணில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட ஆயில். பத்து ஆண்டுகளாகக் கறுத்துப்போன ஒர்க் ஷாப் முற்றத்தின் மேல்மண் இந்த எல்லைக்குள் நிற்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன்.

‘சி’ பிரிவு பண்புகளைப் பார்க்கிறது: தீப்பற்றுதல், அரித்தல், வினைபுரிதல் அல்லது வெடித்தல், நச்சுத்தன்மை, தானாகவே எரியும் இயல்பு போன்றவை. 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே தீப்பற்றும் நிலையை அடையும் திரவக் கழிவு இதில் வரும். அசிட்டோனுக்கு அந்த நிலை பூஜ்யத்துக்கும் ஏறத்தாழ 20 டிகிரி கீழே. நீர்க்கழிவின் பிஎச் மதிப்பு 2 அல்லது அதற்குக் குறைவாகவோ, 12.5 அல்லது அதற்கு மேலாகவோ இருந்தால் அது அரிக்கும் கழிவு. இதற்கு மட்டும் கடையில் கிடைக்கும் பிஎச் தாளால் ஒரு முதல் மதிப்பீடு செய்துகொள்ளலாம்.

பட்டியலில் இருக்கிறது, ஆனால் எங்கள் கழிவு தீங்கற்றது என்று நினைக்கிறோம். வழி உண்டா?

உண்டு. முதல் அட்டவணையில் பெயர் இருப்பதனாலேயே, இரண்டாம் அட்டவணையின்படி சோதித்து அது அபாயகரமானதல்ல என்று நிரூபிக்கும் வழி அடைபட்டுவிடாது என அட்டவணைக் குறிப்பே கூறுகிறது. கருத்து வேறுபாடு எழுந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தொழில்நுட்ப மறுஆய்வுக் குழுவுக்கு விவகாரம் செல்லும். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அறிக்கை வரும்வரை கழிவைப் பட்டியலிட்ட கழிவாகவே நடத்த வேண்டும். இரண்டு பீப்பாய்க்காக இந்த வழியில் இறங்குவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

அனல்மின் நிலையச் சாம்பல், அலுமினிய ஆலைச் செஞ்சேறு, சுரங்க எச்சம் போன்ற ‘அளவு மிகுந்த, விளைவு குறைந்த’ கழிவுகளை விதியே விலக்கிவைத்திருக்கிறது. அவற்றுக்கு வேறு வழிகாட்டுதல்கள் உண்டு.

அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) கழிவும் ரப்பர் கழிவும் இதில் வருமா?

முந்திரித் தோடு முதல் அட்டவணையில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அதன் எண்ணெய் கையை அரித்துப் புண்ணாக்கும் என்பது தோடு உடைக்கும் பெண்களுக்குத் தெரியும். ஆயினும் பட்டியல் நோக்கில் அது தானாக உள்ளே வருவதில்லை. எண்ணெய் பிழியும் ஆலையாயின், அங்கே மிஞ்சும் எண்ணெய்க் கசட்டை இரண்டாம் அட்டவணைப்படி சோதித்துப் பார்ப்பது முறை.

ரப்பர் ஷீட் கூடத்திலிருந்து ஓடும் கழுவுநீர், 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழ் வருகிறது. கழிவுநீரும் புகையும் இந்த விதிகளுக்கு வெளியே. ஆனால் ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் ஆசிட் கேன் காலியானதும் 33.1 குறுக்கே வந்து நிற்கிறது. திருவட்டாறு, குலசேகரம் பக்கம் அந்தக் கேன்களில் குடிநீர் பிடித்து வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

காலிப் பீப்பாயைக் கழுவி விற்றுவிடலாமா?

கழுவுவது 34ஆம் வரிசையில் தனித் தொழிற்செயல்முறையாகவே பட்டியலிடப்பட்டுள்ளது. கழுவியபின் மிஞ்சும் வேதி எச்சமும் அபாயகரமான கழிவே. ஆகவே கொல்லைப்புறத்தில் வைத்துக் கழுவினால் ஒரு கழிவு இரண்டாகப் பெருகுகிறதே தவிரக் குறைவதில்லை. அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுக்க வேண்டும். ஆக்கர் கடைக்கு (பழைய பொருள் கடைக்கு) போகும் நீலப் பீப்பாய் கல்யாண வீட்டில் தண்ணீர்த் தொட்டியாகத் திரும்பி வருவதற்கு அதிக நாள் ஆகாது.

கரி ஆயிலை (இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை) கறையானுக்கும் தொழுவக் கம்புகளுக்கும் அடிப்பது காலங்காலமாக நடப்பதுதானே?

நடப்பதுதான். ஆனால் விதி ‘பயன்படுத்திய எண்ணெய்’, ‘கழிவு எண்ணெய்’ என இரண்டைப் பிரிக்கிறது. இன்ஜின், கியர், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றிலிருந்து வடித்து, ஐந்தாம் அட்டவணையின் ‘ஏ’ பகுதி வரம்புகளுக்குள் இருப்பது மறுசுத்திகரிப்புக்கு ஏற்றது: ஈயம் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு), ஆர்சனிக் 5 பிபிஎம், காட்மியம், குரோமியம், நிக்கல் மூன்றும் சேர்த்து 500 பிபிஎம் என்பன அவ்வரம்புகளில் சில. சிந்திய கச்சா எண்ணெய், தொட்டி அடிக்கசடு போன்றவை ‘பி’ பகுதி வரம்புகளுக்கு உட்பட்டால் உலைகளில் எரிபொருளாகலாம். தொழிற்கூடத்தில் வடித்த ஆயிலைக் கம்பில் பூசுவதற்கு இரண்டிலும் இடமில்லை. 2024 ஏப்ரல் 1 முதல் மசகு எண்ணெய் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் பயன்படுத்திய எண்ணெயை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு சுமத்தப்பட்டுள்ளது.

விசைப்படகில் மாற்றும் ஆயில் எந்தக் கணக்கில் சேரும்?

கடற்கரை அடிப்படைக் கோட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கப்பல்களின் இயக்கத்தில் உண்டாகும் கழிவு, 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் பொறுப்பில் விடப்பட்டு, இந்த விதிகளிலிருந்து விலக்கப்பட்டது. சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ கரையில் கட்டிய படகில் ஆயில் மாற்றினால் அந்த விலக்கு உதவாது. தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் படகுகளில் கடலிலேயே மாற்றிய ஆயிலைக் கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவருகிறவர்கள் சரியானதையே செய்கிறார்கள். கரையில் அதை வாங்கிக்கொள்ள ஒரு பீப்பாய் நிற்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது.

மணவாளக்குறிச்சி மணல், ஆஸ்பத்திரிக் கழிவு, பழைய பேட்டரி?

மூன்றும் வேறு சட்டங்களின் கீழ். மோனசைட் கலந்த கனிம மணலைப் பிரிப்பதில் கதிரியக்கக் கழிவு உண்டானால் அது 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் பொறுப்பில் விடப்பட்டது. மருத்துவக் கழிவுக்கு 2016இன் தனி விதிகள் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் திரும்ப அள்ளிச் செல்லப்பட்டது அந்த விதிகள் சார்ந்த விவகாரம். பேட்டரிக்கு 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள்.

ஒக்கிப் புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை இன்னும் அடுக்கி வைத்திருக்கிறோம். அவை?

ஆஸ்பெஸ்டாஸ் பொருள் தயாரிப்புக் கழிவு 15ஆம் வரிசை. மற்றபடி இரண்டாம் அட்டவணையின் வரம்பு கிலோவுக்கு 10,000 மில்லிகிராம், அதாவது நூற்றில் ஒரு பங்கு. ஆனால் பொடியாகவோ எளிதில் உதிரும் நிலையிலோ இருந்தால் மட்டுமே இது பொருந்தும். முழு ஷீட்டாகக் கிடக்கும்வரை ஒரு நிலை, அதையே உடைத்து, அறுத்து, பொடியாக்கினால் வேறு நிலை. உடைக்காதீர்கள், நனைத்து, மூடி வையுங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? அங்கீகாரம் கட்டாயமா?

90 நாள். ஆண்டுக்குப் பத்து டன் வரை உண்டாக்கும் சிறியவர்களுக்கு வாரியம் அதை 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். படிவம் 1இல் விண்ணப்பித்தால் 120 நாளுக்குள் அங்கீகாரம் தரப்பட வேண்டும். அது ஐந்தாண்டு செல்லும். படிவம் 3இல் அன்றாடப் பதிவும், படிவம் 4இல் ஜூன் 30க்குள் ஆண்டறிக்கையும் உண்டு. நீர், காற்றுச் சட்டங்களின் கீழ் இசைவாணை தேவைப்படாத தொழில்களுக்கு 2019இல் அங்கீகாரத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் கழிவை அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விலக்கைக் காதில் வாங்கியவர்கள் நிபந்தனையைக் காதில் வாங்குவதில்லை. மீறலுக்கு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2024 ஏப்ரல் முதல் சட்டம் மாறியிருக்கிறது.

மூன்றாம் அட்டவணை நமக்குத் தேவையா?

பெரும்பாலும் இல்லை. அது 1989இல் ஏற்கப்பட்டு 1992இல் நடைமுறைக்கு வந்த, அபாயகரமான கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் பட்டியல்களைத் தழுவியது; பழைய எந்திரமோ உலோகக் கழிவோ இறக்குமதி செய்பவர்கள் பார்க்க வேண்டும். எல்லை கடந்த இடமாற்றத்துக்கு நம் மாநிலத்து உதாரணம் கொடைக்கானல்: 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு, 2003இல் பாதரசக் கழிவுகள் அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வாங்குபவர் கிடைத்திருக்கிறார். அனுப்பலாமா?

அனுப்பலாம், முறைப்படி. மறுசுழற்சிக்கு என்றால், வண்டியில் ஏற்றுமுன் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில வாரியங்களுக்கும் நீங்கள் தெரிவிக்க வேண்டும். இறுதியாகப் புதைக்கவோ எரிக்கவோ என்றால் இரு வாரியங்களிடமும் தடையின்மைச் சான்று பெற வேண்டும். பீப்பாயில் படிவம் 8இன்படி அடையாளச் சீட்டு ஒட்டி, படிவம் 10இல் ஏழு நகல்கள் எழுதுங்கள். வெள்ளை நகல் வாரியத்துக்கு. மஞ்சள், வண்டிக்காரர் கையெழுத்தோடு உங்களிடம். மீதி ஐந்தும் வண்டியோடு போகும். இளஞ்சிவப்பு, பெறுபவரிடம், ஆரஞ்சு, வண்டிக்காரரிடம், பச்சை, பெறுபவர் தம் வாரியத்துக்கு அனுப்புவது, நீலம், அவர் உங்களுக்குத் திருப்பி அனுப்புவது. ஏழாவதான சாம்பல் நிற நகல், அனுப்புபவர் வேறு மாநிலத்தவராக இருந்தால் மட்டும் பெறுபவர் அவருடைய வாரியத்துக்கு அனுப்ப வேண்டியது. மாநிலத்துக்குள்ளேயே, கும்மிடிப்பூண்டியில் உள்ள கழிவு அகற்றும் மையத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு அது தேவைப்படாது. களியக்காவிளையைத் தாண்டி அனுப்பும் உங்களுக்குத் தேவைப்படும்.